படம் படம்: கைலி மினோக்கின் பாட்டும் எங்க அக்காவின் படபடப்பும்



இன்னைக்கு த்ரெட் சுகர், பிரஷர், கொழுப்பு பத்தி இல்ல. ஒரு டான்ஸ் பாட்டைப் பத்தி. "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு கேட்கிறவங்க கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் வாங்க. இந்தப் பாட்டுல ஆரம்பிச்சு இதயத் துடிப்பு, மார்பகப் புற்றுநோய், அப்புறம் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த ஒரு பெண்ணை நாம எந்தக் கண்ணால பார்க்கிறோம் என்பது வரைக்கும் பேசப்போறேன்.

நீளமான பதிவு. ஒரு டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

1.
2023 மே மாசம் கைலி மினோக் என்ற ஆஸ்திரேலியப் பாடகி ஒரு பாட்டு வெளியிட்டார். பேரு "படம் படம்". (கைலின்னதும் நம்ம வீட்டுல இடுப்புல கட்டுறது ஞாபகம் வந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல!)

இந்தப் படம் சினிமா படமும் இல்ல, பாம்பு எடுக்கிற படமும் இல்ல. இதயம் துடிக்கிற சத்தம். ஒருத்தரைப் பார்த்த மாத்திரத்துல நெஞ்சு அடிச்சுக்குது பாருங்க, அந்த அடிக்கு வெச்ச பேருதான் படம்.

2.
மெடிக்கல் காலேஜ்ல எங்களுக்கு இந்தச் சத்தத்தை "லப்-டப்"னு சொல்லித் தருவாங்க. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல இருக்கிற வால்வுகள் மூடும்போது வர்றது லப். இதயத்தை விட்டு ரத்தம் வெளியே போற பெரிய குழாய்களோட வாசல்ல இருக்கிற வால்வுகள் மூடும்போது வர்றது டப். அவ்வளவுதான். நாம காதல், பயம், பதட்டம்னு என்ன பேரு வெச்சாலும் உள்ளே நடக்கிறது கதவு சாத்துற வேலை!

ஆனா நம்ம ஊர் நோயாளி யாரும் லப்-டப்னு சொல்றதில்ல. "நெஞ்சு படபடன்னு வருது சார்"னுதான் சொல்வாங்க. நாங்க ஆங்கிலத்துல பால்பிடேஷன்னு எழுதுறதுக்குத் தமிழ்ல பேரே படபடப்பு. அந்தப் பாட்டோட பேரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் 1951லயே இதே பேர்ல ஒரு பாட்டு பாடியிருக்காங்க. படபட, படம் படம்... நெஞ்சு அடிக்கிற சத்தம் எல்லா ஊர்க் காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் விழுது போல.

3.
பாட்டை எழுதினது கைலி இல்ல. நார்வேயைச் சேர்ந்த ஈனா வ்ரோல்ட்சனும், லாஸ்ட்பாய் என்ற பேர்ல இயங்குற பீட்டர் ரைக்ராஃப்ட்டும் சேர்ந்து எழுதினாங்க. மூணு நிமிஷம்கூட ஓடாது. நிமிஷத்துக்குச் சுமார் 128 அடி வேகம்.

இடையில ஒரு மருத்துவக் குறிப்பு. மாரடைப்பு வந்து இதயம் நின்னுபோனவருக்கு நெஞ்சை அழுத்துற சிபிஆர் முதலுதவியை நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகத்துல செய்யணும். அந்த வேகம் மனசுல நிக்கணும்னு பயிற்சியில சில பாட்டுகளைப் பாடச் சொல்வாங்க. இதயத்தைப் பத்தின பாட்டா இருந்தும், அந்த வேலைக்கு இந்தப் பாட்டு கொஞ்சம் வேகம் ஜாஸ்தி. இது உயிரோட இருக்கிறவங்க ஆடுறதுக்கான பாட்டு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருவேன்.

4.
பாட்டு வெளியாகும்போது கைலிக்கு 55 வயசு ஆக ஒரு பத்து நாள்தான் பாக்கி. வீடியோவுல தலை முதல் கால் வரை சிவப்பு உடையில ஒரு மோட்டல்ல நடந்து வருவார். பிரிட்டன் தரவரிசையில 8வது இடம் வரைக்கும் போச்சு. டிக்டாக்ல பிள்ளைங்க பிடிச்சுக்கிட்டாங்க. அந்த ஜூன் மாசம் பிரைட் ஊர்வலங்கள்ல எங்கே பார்த்தாலும் இதே பாட்டு. "இளைஞர்களுக்கான ரேடியோவுல இந்த வயசுக்காரங்க பாட்டை ஏன் போட மாட்டேங்கிறாங்க?"ன்னு பத்திரிகைகள்ல பெரிய விவாதமே நடந்தது.

2024 பிப்ரவரியில கிராமி விருது. சிறந்த பாப் நடனப் பதிவுன்னு அந்த வருஷம்தான் புதுசா ஒரு பிரிவு தொடங்கினாங்க. அதோட முதல் விருதே இந்தப் பாட்டுக்குத்தான். அதுக்கு முந்தைய கிராமி அவருக்குக் கிடைச்சது 2004ல. நடுவுல 20 வருஷம்.

அந்த 20 வருஷத்துக்குள்ள நடந்த ஒரு விஷயம்தான் இந்த த்ரெட்டுக்குக் காரணம்.

5.
தெரியாதவங்களுக்காக அவரோட கதை சுருக்கமா. கைலி பிறந்தது 1968, மெல்போர்ன். "நெய்பர்ஸ்"னு ஒரு டிவி தொடர்ல மெக்கானிக் பொண்ணா நடிச்சுப் பிரபலமானவர். 1987ல "லோகோமோஷன்" ஆஸ்திரேலியாவுல முதலிடம். அடுத்த வருஷம் வேற ஒரு பாட்டால பிரிட்டன்லயும் முதலிடம். 2001ல வந்த "கான்ட் கெட் யூ அவுட் ஆஃப் மை ஹெட்" உலகத்தையே ஒரு சுத்து சுத்தி வந்தது. 90கள்ல பிறந்தவங்க பேரு தெரியாமலேயே அந்த "லா லா லா"வைக் கேட்டிருப்பீங்க.

ஆஸ்திரேலியர்களுக்கு அவர் பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரி. அதனாலதான் 2005 மே மாசம் அந்தச் செய்தி வந்தப்போ நாடே ஆடிப்போச்சு.

6.
2005 மே 17. கைலிக்கு மார்பகப் புற்றுநோய்னு அறிவிப்பு வருது. வயசு 36. உலகச் சுற்றுப்பயணத்தோட நடுவுல இருக்கார். அடுத்து சொந்த நாட்டுல கச்சேரிகள், அதுக்கப்புறம் இங்கிலாந்துல கிளாஸ்டன்பரி இசைவிழா. எல்லாத்தையும் ரத்து செஞ்சாங்க. சில நாள்லயே மெல்போர்ன்ல அறுவை சிகிச்சை. அப்புறம் பாரிஸ் பக்கத்துல கீமோதெரபி, ரேடியேஷன்.

36 வயசு. குடும்பப் பொறுப்பு, வேலை, பிள்ளைங்கன்னு நம்ம ஊர்ல ஒரு பெண் தன் உடம்பைத் திரும்பிப் பார்க்கவே நேரமில்லாத வயசு.

7.
இதுல பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. 2008ல ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சியில கைலியே சொன்னார்: முதல்ல பரிசோதிச்சவங்க "ஒண்ணும் இல்ல"ன்னுதான் சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம்தான் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. உள்மனசு ஏதோ சரியில்லைன்னு சொன்னா, வெள்ளைக் கோட்டு போட்டவர் சொல்லிட்டாரேன்னு அதோட விட்டுடாதீங்க என்ற அர்த்தத்துல பெண்களுக்கு அறிவுரையும் சொன்னார்.

வெள்ளைக் கோட்டு போட்டவனா இருந்துக்கிட்டு இதைச் சொல்றேன். அந்த அறிவுரை சரி.

8.
ஏன் சரி?

இளம் வயசுல மார்பகத் திசு அடர்த்தியா இருக்கும். மேமோகிராம் படத்துல அடர்த்தியான திசு வெள்ளையா தெரியும். கட்டியும் வெள்ளை. பால்ல விழுந்த பஞ்சைத் தேடுற மாதிரி. அதனால இளம் பெண்களுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் முதல்ல உதவும்.

அதைவிட முக்கியம், மார்பகத்துல கட்டின்னு வந்தா மருத்துவத்துல "மூன்று அடுக்குப் பரிசோதனை"ன்னு ஒரு விதி உண்டு. ஒண்ணு, டாக்டர் கையால தொட்டுப் பார்க்கிறது. ரெண்டு, ஸ்கேன் அல்லது மேமோகிராம். மூணு, சந்தேகம் இருந்தா ஊசி மூலமா திசு எடுத்துப் பார்க்கிறது. மூணும் ஒரே பதிலைச் சொல்லணும். ஒண்ணு முரண்பட்டாலும் விடக்கூடாது.

"தொட்டுப் பார்த்தேன், வெறும் நீர்க்கட்டிதான், வயசு கம்மி, பயப்படாதம்மா"ன்னு யாராவது அனுப்பி வெச்சா, "ஸ்கேன் எழுதித் தாங்க"ன்னு கேளுங்க. கேட்கிறதுல எந்தத் தப்பும் இல்ல.

9.
இன்னொரு பயம். "கேன்சர்னா மார்பையே எடுத்துடுவாங்க."

எல்லாருக்கும் அப்படி இல்ல. கைலிக்கு நடந்தது கட்டியையும் அதைச் சுத்தி இருக்கிற பகுதியையும் மட்டும் அகற்றுற அறுவை சிகிச்சை. ஆரம்ப நிலையில இப்படிச் செஞ்சு ரேடியேஷன் கொடுத்தா, முழு மார்பையும் எடுத்தவங்களுக்கு இணையான ஆயுள் கிடைக்குதுன்னு அமெரிக்காவுலயும் இத்தாலியிலயும் 20 வருஷம் பின்தொடர்ந்த ஆய்வுகள் 2002ல வெளிவந்துடுச்சு. யாருக்கு எது பொருந்தும்னு கட்டியோட அளவு, இடம், எண்ணிக்கையைப் பார்த்து அறுவை சிகிச்சை நிபுணர் முடிவு செய்வார்.

ஆனா இந்த வாய்ப்பு பெரும்பாலும் சீக்கிரம் வந்தவங்களுக்குத்தான். மார்பை இழந்துடுவோமோன்னு பயந்து ஒளிச்சு வைக்கிறதுதான், கடைசியில அதை இழக்கவே காரணமாகுது.

10.
கைலி செய்தி வந்ததும் ஆஸ்திரேலியாவுல என்ன நடந்தது தெரியுமா? ஆய்வாளர்கள் நாலு மாநிலங்களோட மார்பகப் பரிசோதனை முன்பதிவுகளை எடுத்துப் பார்த்தாங்க. செய்தி பரபரப்பா ஓடின ரெண்டு வாரத்துல பதிவுகள் 40 சதவீதம் கூடியிருந்தது. அதுவரைக்கும் ஒரு தடவைகூட பரிசோதனைக்கு வராத, 40 முதல் 69 வயசுப் பெண்கள் மத்தியில மட்டும் பார்த்தா 101 சதவீதம். அதாவது ரெண்டு மடங்கு!

சுகாதாரத் துறை வருஷக்கணக்கா நோட்டீஸ் அடிச்சும் அசையாதவங்களை ஒரு பாட்டுக்காரியோட செய்தி கிளப்பி விட்டுச்சு. இதுக்கு "கைலி எஃபெக்ட்"னே பேரு வந்துடுச்சு.

11.
இதுல ஒரு சிக்கலும் உண்டு. அதையும் சொல்லணும்.

கைலிக்கு அப்போ 36. ஆஸ்திரேலியாவோட இலவசப் பரிசோதனைத் திட்டத்துல சேர 40 ஆகணும். அதாவது அந்தத் திட்டம் அவருக்கு உதவியிருக்க வாய்ப்பே இல்ல! அறிகுறி எதுவும் இல்லாத 25, 30 வயசுப் பெண்கள் பயந்துபோய் மேமோகிராம் எடுக்க ஓடினா பலன் குறைவு, வீண் அலைச்சலும் தேவையில்லாத ஊசிப் பரிசோதனையும்தான் மிச்சம்னு அப்பவே நிபுணர்கள் எச்சரிச்சாங்க.

ஆக, ரெண்டையும் பிரிச்சுப் புரிஞ்சுக்கோங்க. அறிகுறி இல்லாம எடுக்கிற ஸ்கிரீனிங்குக்கு வயசு வரம்பு உண்டு. அறிகுறி இருந்தா வயசு வரம்பே கிடையாது. 22 வயசுல கட்டி தட்டுப்பட்டாலும் டாக்டரைப் பார்க்கணும். (பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்ல. அதை உறுதி பண்ணத்தான் பார்க்கச் சொல்றேன்.)

12.
நம்ம நாட்டுக்கு வருவோம். 2022 கணக்குப்படி இந்தியாவுல ஒரு வருஷத்துல சுமார் 1.9 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய். பெண்களுக்கு வர்ற புற்றுநோய்கள்ல இதுதான் முதலிடம். மேலை நாடுகளோட ஒப்பிட்டா நம்ம பெண்களுக்குச் சுமார் பத்து வருஷம் முன்னாடியே வருது.

தேசிய திட்டத்தோட வழிகாட்டுதல் என்ன? 30 முதல் 65 வயசு வரை உள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் கையால மார்பகப் பரிசோதனை செய்யணும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையாவது. அரசு சுகாதார நிலையத்துல கேளுங்க.

13.
இப்போ எங்க வீட்டு விஷயம். அக்காவோட அனுமதியோட எழுதுறேன்.

எங்க பெரியம்மா மகள். நாங்க திருநெல்வேலிப் பக்கம், அக்கா கல்யாணம் ஆகி மெல்போர்ன்ல இருக்கா. 2021ல, 44 வயசுல, குளிக்கும்போது இடது பக்கம் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கு. வலி இல்ல. (இதைக் கவனிங்க. "வலிக்கலையே, அப்போ ஒண்ணும் இருக்காது"ன்னு நினைக்காதீங்க. புற்றுநோய்க் கட்டிகள் பெரும்பாலும் ஆரம்பத்துல வலிக்காது.)

மூணு அடுக்குப் பரிசோதனையும் ஒரு வாரத்துல முடிஞ்சது. பதில், புற்றுநோய்.

14.
அது கொரோனா காலம். உலகத்துலயே நீளமான லாக்டவுன் பார்த்த ஊர்கள்ல மெல்போர்னும் ஒண்ணு. ஆஸ்திரேலியா எல்லையை மூடி வெச்சிருந்தது. இங்கிருந்து யாரும் போக முடியாது. பெரியம்மா பாஸ்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு அழுதா.

கீமோ ஏத்துற வார்டுக்குள்ள கூட யாரையும் விடல. அத்தான் கார் பார்க்கிங்ல உட்கார்ந்திருப்பார். அக்கா உள்ளே தனியா. அவளுக்குக் கையில மருந்து ஏறிக்கிட்டிருக்கும், வீடியோ கால்ல நான். நான் டாக்டர்தான். ஆனா அன்னைக்கு என்னால செய்ய முடிஞ்சது, "அடுத்த பாட்டில் மாத்திட்டாங்களா?"ன்னு கேட்கிறதுதான்.

15.
இந்த இடத்துல இதயம் உள்ளே வருது.

மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற சில மருந்துகள் இதயத் தசையைப் பலவீனமாக்கலாம். சிவப்பு நிறத்துல ஏத்துவாங்களே, அந்த வகை மருந்து ஒண்ணு. சில வகைப் புற்றுநோய்க்கு மட்டும் கொடுக்கிற டிராஸ்டுசுமாப் இன்னொண்ணு. அதனால இந்த மருந்துகளைத் தொடங்குறதுக்கு முன்னாடி எக்கோ எடுத்து இதயத்தோட பம்ப் பலத்தைப் பார்ப்போம். தேவைக்கேத்த மாதிரி நடுவுலயும் முடிஞ்ச பிறகும் பார்ப்போம்.

பயப்படுறதுக்காகச் சொல்லல. உங்க வீட்டுல யாராவது சிகிச்சையில இருந்தா "எக்கோ எப்போ?"ன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிறதுக்காகச் சொல்றேன்.

16.
அக்காவுக்கு எக்கோ ஒவ்வொரு தடவையும் நார்மல். சிகிச்சை முடிஞ்சது. முடி வளர ஆரம்பிச்சது. எல்லாரும் "அப்பாடா"ன்னு போன் பண்றதை நிறுத்திட்டாங்க.

அப்போதான் அவளுக்குப் படபடப்பு ஆரம்பிச்சது.

ராத்திரி ரெண்டு மணிக்கு உடம்பெல்லாம் கொதிச்சு, வேர்த்து, நெஞ்சு அடிச்சுக்கும். இசிஜி எடுத்தாச்சு. 24 மணி நேரம் மாட்டி வைக்கிற ஹோல்டரும் பார்த்தாச்சு. தைராய்டு, ரத்தசோகை எதுவும் இல்ல. காரணம் ரெண்டு. கீமோவால மாதவிடாய் திடீர்னு நின்னுபோச்சு, கூடவே ஹார்மோன் தடுப்பு மாத்திரை. ரெண்டாவது, பயம். திரும்பி வந்துடுமோன்னு பயம். ஒவ்வொரு அடியும் அவளுக்கு ஒரு செய்தி மாதிரி கேட்டிருக்கு. "என் நெஞ்சே எனக்கு எதிரி மாதிரி இருக்குலே தம்பி"ன்னா.

சிகிச்சை நடக்கிறப்போ சுத்தி நர்ஸ், டாக்டர், அடுத்த தேதின்னு ஒரு பிடிமானம் இருக்கும். முடிஞ்சதும் எல்லாரும் போயிடுவாங்க. பலருக்கு அதுக்கப்புறம்தான் பயமே வரும். குடும்பத்துக்காரங்க இதைத் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

17.
2023 ஜூன். அக்கா வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினா. அப்படியே எழுதுறேன்:

"ஏலே தம்பி, எங்க ஊர்ப் பாட்டுக்காரி ஒருத்தி இருக்காள்லா, அவ புதுசா ஒண்ணு போட்டிருக்கா. ரெண்டு வருசமா நெஞ்சு அடிச்சா நான் பயந்துட்டே கிடந்தேன். இவ அந்த அடியை வெச்சே பாட்டுப் பாடி ஆடுதா. இவளுக்கும் இதே சீக்குதான் வந்துச்சாம்லா. அடுப்படியில நின்னு நானும் ஆடிப் பாத்தேன். நெஞ்சு நல்லா அடிச்சுது. அடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

இதயநோய் நிபுணர் செய்ய வேண்டிய வேலையில பாதியை அந்தப் பாட்டு செஞ்சிருக்கு. ஆடும்போது நெஞ்சு அடிச்சா அதுக்கு ஒரு காரணம் கையில இருக்கு. ஆட்டத்தை நிறுத்தினா தானா குறையுது. "அடிப்பு வந்தா ஆபத்து"ன்னு மூளை போட்டு வெச்சிருந்த கணக்கு கொஞ்சம் கொஞ்சமா மாறும். பதட்டத்தால வர்ற படபடப்புக்கு உளவியல் சிகிச்சையிலயும் இப்படித்தான், தெரிஞ்சே நெஞ்சை வேகமா அடிக்க வெச்சுப் பழக்குவாங்க.

18.
அடுத்து நடந்ததுதான் இந்த த்ரெட் எழுத வெச்சது.

அக்கா அந்த ஆட்டத்தை அரை நிமிஷம் வீடியோ எடுத்து எங்க குடும்பக் குரூப்ல போட்டா. 40 பேர் இருக்கிற குரூப். காலை வணக்கத்துக்கே 30 பூங்கொத்து வர்ற இடம். அன்னைக்கு ஒரு மணி நேரம் சத்தமே இல்ல.

அப்புறம் ஒரு சித்தி: "உடம்பைப் பாத்துக்கோ தாயி, இதெல்லாம் இப்ப வேணுமா?" இன்னொரு அத்தை: "கண்ணு பட்டுரும், எடுத்துரு." ஒரு மாமா தனியா எனக்குப் போன் பண்ணி, "பிள்ளைக்கு நாளைக்கு வரன் பாக்கணும், அம்மாவுக்கு இப்படின்னு ஊருக்கே தெரியணுமா, நீ எடுத்துச் சொல்லு"ன்னார்.

அக்கா வீடியோவை அழிச்சுட்டா.

யாரும் கெட்டவங்க இல்ல. எல்லாரும் அவளுக்காக நேர்ந்துக்கிட்டவங்க. ஆனா புற்றுநோய் எடுத்துக்காத ஒண்ணை அன்னைக்கு எங்க குரூப் எடுத்துக்கிச்சு. அதனால அன்னைக்கு அங்க எழுதின பதிலைக் கொஞ்சம் விரிவா இங்கயும் எழுதுறேன்.

19.
கேள்வி ஒண்ணு: "இந்த உடம்போட ஆடலாமா?"

ஆடலாம். புற்றுநோய் சிகிச்சை முடிஞ்சவங்களுக்கு உடற்பயிற்சி களைப்பைக் குறைக்குது, மனச்சோர்வையும் பதட்டத்தையும் குறைக்குதுன்னு நிறைய ஆய்வுகள் சொல்லுது. வாரத்துக்கு மூணு நாள், அரை மணி நேரம்னு ஆரம்பிச்சாலே பலன் தெரியும். இதயத்துக்கும் நல்லது. நடந்தாலும் சரி, ஆடினாலும் சரி. முன்னாடி சொன்ன எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டி உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, மெதுவா தொடங்கிக் கூட்டிக்கிட்டே போங்க.

கைலியும் ஒரே நாள்ல பழைய ஆட்டத்துக்குத் திரும்பல. 2006 நவம்பர்ல சிட்னியில மறுபடி மேடை ஏறினப்போ நடன அசைவுகளை மாத்தியிருந்தாங்க. உடை மாத்துற இடைவெளிகளை நீட்டியிருந்தாங்க. ஓய்வுக்கு நேரம் ஒதுக்கியிருந்தாங்க. உடம்புக்கு ஏத்த மாதிரி ஆட்டத்தை மாத்தினாங்க, ஆட்டத்தை விடல. இதைவிடப் பெரிய மருத்துவ அறிவுரை கிடையாது.

20.
கேள்வி ரெண்டு: "கையைத் தூக்கி ஆடினா கை வீங்கிடாதா?"

நியாயமான கேள்வி. அக்குள்ல நெறிக்கட்டிகளை எடுத்தவங்களுக்கு, அல்லது அங்கே ரேடியேஷன் வாங்கினவங்களுக்கு, நிணநீர் தேங்கிக் கை வீங்கலாம். அதனால "கையை அசைக்காதே"ன்னு ஒரு காலத்துல சொன்னாங்க. இப்போ அப்படி இல்ல. படிப்படியா கூட்டுற பயிற்சியால வீக்கம் அதிகமாகிறதில்லைன்னு ஆய்வுகள் காட்டிடுச்சு. அசைக்காம வெச்சா தோள்பட்டை இறுகிடும். வீக்கம் தெரிஞ்சா பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்க.

21.
கேள்வி மூணு: வாய்விட்டுக் கேட்காத கேள்வி. "பிழைச்சு வந்ததே பெரிசு, இனிமே அடக்கமா இருக்க வேண்டாமா?"

இதுக்கு மருத்துவப் புத்தகத்துல பதில் இல்ல. ஆனா "படம் படம்" பாட்டுல இருக்கு.

அந்தப் பாட்டு புற்றுநோயைப் பத்தினது இல்ல. போராட்டம், நம்பிக்கை, மறுபிறவின்னு எதுவும் கிடையாது. இரவு விடுதியில ஒருத்தரைப் பார்த்து நெஞ்சு அடிச்சுக்கிற பாட்டு, அவ்வளவுதான். நோய் வந்து 18 வருஷம் கழிச்சு, அதே மே மாசம், ஒரு பெண் தன்னை நோயாளியாவும் காட்டிக்காம, வீராங்கனையாவும் காட்டிக்காம, சிவப்பு டிரெஸ் போட்டு ஆசையா ஆடுறார். எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு.

மீண்டு வந்தவங்களுக்கு நாம ரெண்டே வேஷம்தான் கொடுக்கிறோம். ஒண்ணு, "பாவம்". இல்லைன்னா, "இரும்புப் பெண்மணி". சும்மா ஒரு மனுஷியா அடுப்படியில ஆட விடுறதில்ல.

22.
இன்னொண்ணும் சொல்லிடுறேன். கைலிகிட்ட பணம் இருந்தது, பாரிஸ் போக வழி இருந்தது. எல்லாருக்கும் அது கிடைக்காது. நல்ல சிகிச்சை எடுத்தும் பிழைக்காதவங்க இருக்காங்க. அதனால "மனோபலத்தால கேன்சரை ஜெயிச்சவர்"னு எழுதாதீங்க. அப்போ இறந்துபோனவங்களுக்கு மனோபலம் இல்லையா? நோயைக் குணமாக்கினது சீக்கிரம் கண்டுபிடிச்சதும் சிகிச்சையும். மனசு, குடும்பம், பாட்டு எல்லாம் அந்தச் சிகிச்சையைத் தாங்கிக்க உதவும்.

23.
இதை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய மார்பக அறிகுறிகள்:
- மார்புலயோ அக்குள்லயோ கட்டி, வலி இல்லைன்னாலும்
- தோல் குழி விழுறது, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிறது
- காம்பு புதுசா உள்ளே இழுக்கிறது, ரத்தம் கசியுறது
- ஒரு பக்கம் மட்டும் வடிவம் மாறுறது

படபடப்போட இதுல ஒண்ணு சேர்ந்து வந்தா தாமதிக்காம ஆஸ்பத்திரி:
- மயக்கம்
- நெஞ்சு வலி
- மூச்சுத் திணறல்
- கால் வீக்கம் (சிகிச்சை எடுத்தவங்களுக்கு)

24.
மீண்டு வந்தவங்க வீட்டுல இருக்கிறவங்களுக்கு மூணு வேண்டுகோள்.

சிகிச்சை முடிஞ்ச பிறகும் ஆறு மாசமாவது போன் பண்றதை நிறுத்தாதீங்க.

அம்மாவுக்கு வந்ததை வரன் பாக்கிறப்போ மறைக்கிற குடும்ப ரகசியமா ஆக்காதீங்க. மார்பகப் புற்றுநோய்ல பெரும்பகுதி பரம்பரையா வர்றது இல்ல. பரம்பரையா வர்ற வகையா இருந்தா அந்தத் தகவல் மகளோட உயிரையே காப்பாத்தும். மறைச்சா அவளுக்குத்தான் நஷ்டம்.

அவங்க ஆடினா, பாடினா, பட்டுச்சேலை கட்டினா, "இப்ப வேணுமா?"ன்னு கேட்காதீங்க. இப்பதான் வேணும்.

25.
குரூப்ல நான் பதில் எழுதின மறுநாள், அந்தச் சித்தியே அக்காவுக்குத் தனியா மெசேஜ் போட்டிருக்காங்க. "அந்த வீடியோவைத் திரும்பப் போடு தாயி, நான் சரியா பாக்கல" அப்படின்னு. அக்கா இன்னும் போடல. போடுறதும் போடாததும் அவ இஷ்டம்.

இதைப் படிக்கிற பெண்கள் இந்த வாரம் அஞ்சு நிமிஷம் ஒதுக்கி உங்க மார்பகத்தைக் கண்ணாடி முன்னாடி பாருங்க, தொட்டுப் பாருங்க. ஆண்கள் இந்த த்ரெட்டை உங்க வீட்டுப் பெண்களுக்கு அனுப்பி, ஆஸ்பத்திரிக்கு நீங்களும் கூடப் போங்க.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. ஓ.பி. முடிஞ்சதும் ராத்திரி பதில் சொல்றேன்.


அன்புடன்,
உங்கள் பொதுநல மருத்துவர்